தலை திருப்பிய வாத்து

காசிமிரோ சுண்டுவிரல் நகத்தால் பல்லிடுக்கைக் குத்தி எதையோ எடுத்தான். எடுத்ததை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, நாக்கு நுனியில் வைத்து விழுங்கினான். அதே விரலால் தட்டில் கிடந்த கூய் எலியின் பின்னந்தொடையைப் பிய்த்து, கொழுப்பு வழிய வழியச் சபினாவின் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"சாப்பிடுங்க சம்பந்தியம்மா! கை நனைச்சாத்தானே உறவு!"

சபினா முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கூய் அவளுக்குப் புதிதா என்ன? அடுப்படியில் அவளே பதினைந்து வளர்க்கிறாள். விசேஷம் என்றால் கழுத்தைத் திருகி, மயிரைப் பொசுக்கி, முழுசாக வாட்டித் தின்கிறவள்தான். அருவருப்பு கூயின்மேல் இல்லை, அதைப் பிடித்திருந்த விரலின்மேல். அந்த மஞ்சள் நகத்துக்கடியில் கறுப்பாக ஒரு கோடு, கொழுப்பில் ஊறிப் பளபளத்தது.

"இன்னும் சம்பந்தி ஆகலியே அண்ணே. நனைக்கிற நேரம் வந்தா நனைக்கிறேன்," என்றாள்.

"வந்துடுச்சு, வந்துடுச்சு! குவளை உங்க முன்னாலதானே இருக்கு!"

அவன் வாயைத் திறந்து சிரித்தான். மென்று மென்று கோக்கா இலைச் சாறு ஏறிப்போன பச்சைப் பல். சிரிப்போடு ஒரு துளி எச்சில் பறந்து வந்து மேசைப் பலகையில் விழுந்தது. சபினா தன் பாவாடையை ஒதுக்கிக்கொண்டாள்.

அந்தக் குவளைதான் விஷயமே. பெரிய கண்ணாடிக் குவளை, கழுத்துவரை சிச்சா. மக்காச்சோளத்தில் இறக்கிய கள். நுரை காய்ந்து விளிம்பில் ஒட்டியிருந்தது, அதில் இரண்டு ஈ. பையனைப் பெற்றவன் கொடுக்கிற குவளையைப் பெண்ணைப் பெற்றவள் வாங்கி, முதல் சொட்டை மண்ணாத்தாளுக்கு ஊற்றிவிட்டு மிச்சத்தைக் குடித்துவிட்டால், பெண் கொடுத்தாயிற்று. அப்புறம் பேச்சே கிடையாது. குடிக்காவிட்டால் கொடுக்கவில்லை. இதை வீட்டுக்குள் வைத்து, பெரியவர்களை உட்காரவைத்து, மரியாதையாகச் செய்வார்கள். காசிமிரோவும் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து பார்த்தான். "அவர் போய் வருசம் திரும்பட்டும்," என்று சபினா இரண்டு தடவையும் தட்டிக்கழித்தாள். மூன்றாவது தடவை வரவில்லை. "ஞாயித்துக்கிழமை சந்தைக்கு வாங்க, என் கடையைப் பாருங்க, ஒருவாய் சாப்பிட்டுப் போங்க, வேற ஒண்ணுமில்லை," என்று சொல்லி அனுப்பினான். வந்து பார்த்தால், கூய் வாட்டி விற்கிற தோமாசாவின் மண் அடுப்புக்கு முன்னால், ஊரே போகிற வழியில், பெஞ்சு போட்டுக் குவளையும் நிரப்பி வைத்திருக்கிறான். உருளைக்கிழங்கு மூட்டைக்காரிகள், சூப்புக்காரிகள், கம்பளி விற்கிறவர்கள் என்று எல்லாக் கண்ணும் இங்கேதான். இத்தனை பேருக்கு முன்னால் வேண்டாம் என்று சொல்வது முகத்தில் அறைவதற்குச் சமம். தெரிந்துதான் செய்திருந்தான், பாவி.

பக்கத்தில் சபினாவின் மகள் நெய்தா குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வயது. பொத்தான் வைத்த புதுத் தொப்பி, இரட்டைப் பின்னல். எதிரே காசிமிரோவின் மகன் பெர்சி. பார்க்க லட்சணமான பையன், அதிர்ந்து பேசமாட்டான். போன அறுவடையிலிருந்து இவனைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை. "அம்மா, மாமாவைப் பார்க்காதே, அவரைப் பாரு," என்று வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டு வந்திருந்தாள். "நான் கட்டிக்கப்போறது அவரைத்தானே!"

மகளுக்காக மட்டும் என்றால் சபினா இன்னும் கொஞ்சம் இழுத்தடித்திருப்பாள். அவளை இங்கே தள்ளிக்கொண்டு வந்தது செத்துப்போன புருசன் மெலித்தோன்.

சுரங்கத்தில் கல்தூளைத் தின்று தின்று நெஞ்சு கெட்டு, ரத்தமாகக் கக்கி, மழைக்காலத்தில் போனவன். ஐந்து மாதமாகிறது. மூன்று மாதமாகக் கனவில் வருகிறான். வாசலில் நிற்கிறான், உள்ளே வரமாட்டேன் என்கிறான். இரண்டு கையையும் மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு அவளையே பார்க்கிறான். ஒரு வார்த்தை பேசுவதில்லை. செத்தவர்கள் சும்மா வருவார்களா? ஏதாவது கேட்டுத்தான் வருவார்கள். என்ன கேட்கிறான் என்று சபினா மண்டையை உடைத்துக்கொண்டாள். கடைசியில், பெண்ணைக் கரையேற்றச் சொல்கிறான், தன் கை கட்டிக்கிடக்கிறது, நீதான் செய்யணும் என்கிறான் என்று முடிவுகட்டினாள். அக்கம்பக்கத்தில் கேட்டாள். அவர்களும் அதேதான் என்றார்கள்.

காசிமிரோவும் அந்நியன் இல்லை. செத்த ஐந்தாம் நாள் அந்த மனுசனின் துணிகளை ஆற்றுக்குக் கொண்டுபோய்த் துவைக்க வேண்டும், நோயோடு கிடந்த துணியை எரிக்க வேண்டும். எரித்தால்தான் போகிறவன் அதை உடுத்திக்கொண்டு போவான். பெண்டாட்டி, பிள்ளை அந்த மூட்டையைத் தொடக்கூடாது, எரிவதைப் பார்க்கவும் கூடாது. தொட்டால் போகிற உயிர் காலைச் சுற்றும். அது மருமகன் செய்கிற வேலை. மெலித்தோனுக்கு மருமகன் ஏது? "நான் இருக்கேன்," என்று காசிமிரோ முன்னால் வந்தான். மகனையும் கூட்டிக்கொண்டு மூட்டையைத் தூக்கிப்போனான். சாயங்காலம் இரண்டுபேரும் நனைந்த கால்சட்டையோடு, புகைவாடையோடு திரும்பினார்கள். சபினா அவர்களுக்கு ஆட்டுக்கறி சூப்பு ஊற்றி, காசிமிரோவின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்தக் கைதான் இது. அதைப் பார்த்தா எனக்கு அருவருப்பு என்று காலையிலிருந்து அவள் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். நன்றி கெட்ட ஜென்மம், நகத்தைப் பார்க்கிறாய், பல்லைப் பார்க்கிறாய், செய்த உதவியைப் பார்க்கமாட்டேன் என்கிறாய். இப்படிச் சொல்லிக்கொள்ளும்போதே அவன் ஏப்பம் விட்டான். பூண்டும் கள்ளும் புளித்த வாடை மேசைக்கு இந்தப் பக்கம்வரை வந்தது.

"என்ன சபினாக்கா, குவளையில ஈ குடும்பமே நடத்துது, நீ இன்னும் யோசிக்கிறியே!" என்று அடுப்பிலிருந்து தோமாசா கத்தினாள். சிவந்த கன்னம், கரி படிந்த கவுன், குரல் மட்டும் மாதா கோவில் மணி. "யோவ் காசிமிரோ, உன் மூஞ்சியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பு, அப்பத்தான் அக்காவுக்கு இறங்கும்!"

"உன் அடுப்பைப் பாரு தோமாசா. ஆறு கூய் சொல்லியிருக்கேன், கருகினா நீதான் திங்கணும்."

"நான் தின்னா உடம்புக்காச்சும் ஒட்டும். உனக்கு அதுவும் ஒட்டாது."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பெர்சிகூடச் சிரித்தான். சபினாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"முதல்ல கடையைப் பார்க்கிறேன்," என்று எழுந்தாள். "என் பொண்ணு எங்க உட்காரப்போறான்னு பார்த்துட்டு வந்து குவளையைத் தொடுறேன்."

"பேஷா பாருங்க! பெர்சி, அத்தைக்குக் காட்டுடா."

கடை எதிரிலேயேதான். பத்தடி. நீலத் தார்ப்பாய்க்கு அடியில் ரகரகமாய்க் கம்பளி. மேலே தொங்கிய பலகையில் 'எல்லாம் கையால் நெய்தது' என்று எழுதியிருந்தது. சபினா ஒரு சால்வையைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். நகரத்து மில்லில் லாரி லாரியாக வருகிற நைலான். தேய்த்ததும் அவள் புறங்கை முடி சிலிர்த்துக்கொண்டது. சரி, சந்தையில் யார்தான் இதை விற்கவில்லை என்று விட்டாள்.

கடை வாசலில் ஒரு சின்ன ஸ்டூல். அதில் ஒரு பெண், பக்கத்து ஊர்க்காரி, நெய்தா வயதுதான் இருக்கும், பண்டிகை உடுப்பெல்லாம் மாட்டிக்கொண்டு, மடியில் ஆட்டுக்குட்டியோடு உட்கார்ந்திருந்தாள். குட்டியின் காதில் சிவப்பு ரிப்பன். பின்னங்காலைக் கட்டியிருந்தார்கள். அது தன் மேலேயே கழிந்து, வாலில் புழுக்கை ஒட்டிக் காய்ந்திருந்தது. ஊர் பார்க்க வந்த வெள்ளைக்காரர் யாராவது வந்தால் அவள் சட்டென்று நூல் நூற்கிற கதிரை எடுத்துச் சுற்றினாள். கதிரில் நூலே இல்லை.

"இவ அடுத்த வாரத்தோட நின்னுடுவா அத்தை," என்றான் பெர்சி. "அப்புறம் நெய்தா உட்காரலாம். சும்மா உட்கார்ந்தா போதும், படம் பிடிப்பாங்க. அப்பா சொல்றாரு, நெய்தா முகத்துக்குக் கூட்டம் அள்ளும்னு."

சபினா மகளைப் பார்த்தாள். மகள் ஆட்டுக்குட்டியின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் பொண்ணுக்கு நெய்யத் தெரியும் தம்பி."

"நெய்யறதுக்கு யாருக்கு அத்தை நேரம்?"

கடைக்குப் பின்னால் ஒரு சாக்குத் திரை. அதை விலக்கியதும் குப்பென்று அடித்த வாடையில் சபினாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இரண்டு பிளாஸ்டிக் பீப்பாய். ஒன்றில் புளித்த மூத்திரம், ஒன்றில் ஆட்டுச்சாணிக் கரைசல். அதற்குள் துணிகள் ஊறிக்கிடந்தன, மேலே பச்சையாக ஏடு கட்டியிருந்தது. மூத்திரம் அவளுக்குப் புதிதில்லை, நீலச் சாயம் பிடிக்கவைக்க அவள் வீட்டிலும் பானையில் புளிக்கவைத்ததுண்டு. ஆனால் இங்கே சாயம் எங்கே? புதுத் துணியைப் பழசாக்குகிறார்கள். மில் துணியை இதில் ஒரு மாதம் ஊறப்போட்டு, மண்ணில் புதைத்து எடுத்து, பாட்டன் முப்பாட்டன் காலத்துத் துணி என்று விற்கிறார்கள்.

"பழசுக்குத்தான் இப்ப மவுசு," என்று பெர்சி சாதாரணமாகச் சொல்லி, ஒரு குச்சியால் பீப்பாயைக் கிளறிவிட்டான். குமிழி ஒன்று எழும்பி வெடித்தது.

"சீ! மூடு தம்பி."

அவள் முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். நெய்தா பின்னாலேயே ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அம்மா, இதெல்லாம் மாமாவோட வேலை. கட்டிக்கிட்டதும் நாங்க தனியா இருந்துக்குவோம். சத்தியமாம்மா. அவர் நல்லவரு."

"நீ அந்த ஸ்டூல்ல உட்காருவியா?"

"உட்காரமாட்டேன். அவர்கிட்ட சொல்லிட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"அப்பாகிட்ட பேசறேன்னாரு."

சபினா பெருமூச்சு விட்டாள். ஊரில் யோக்கியன் எவன்? குடித்துவிட்டு அடிக்கிறவன் கையில் கொடுப்பதற்கு, நைலானை விற்கிறவன் வீட்டில் கொடுப்பது மேல். பையன் நல்லவன் என்று பெண் சொல்கிறாள். வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற புருசன் முகம் வேறு கண்முன் வந்தது. சரி மனுசா, உன் இஷ்டம், நீ நிம்மதியாகப் போ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பெஞ்சுக்குத் திரும்பி, குவளையில் இருந்த ஈயைச் சுண்டி எறிந்து, இரண்டு கையாலும் தூக்கினாள்.

பெஞ்சைச் சுற்றி ஒரு முணுமுணுப்பு ஓடியது. காசிமிரோ எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினான். நெய்தாவின் கண் நிறைந்துவிட்டது.

சபினா குவளையைச் சாய்த்து முதல் சொட்டை மண்ணில் விட்டாள். நிமிர்ந்து குவளையை வாய்க்குக் கொண்டுபோனவள், அப்படியே நின்றாள்.

எதிரே காசிமிரோவின் கடைக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக்காரி வெளியே வந்தாள். உயரமானவள், வெயிலில் சிவந்த மூக்கு, கையில் வாட்டிய சோளக்கதிர். தலைவழியாக ஒரு பொஞ்சோவை, நடுவில் கழுத்துக்குத் துளை விட்ட கம்பளிப் போர்வையை, மாட்டியிருந்தாள். கருஞ்சிவப்பு. ஓரத்தில் வரிசையாக வாத்துகள், எல்லாம் வலப்பக்கம் பார்த்துப் போகின்றன. இடது தோளிலிருந்து ஏழாவது வாத்து மட்டும் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வாத்தை நெய்த நாளில் சபினாவுக்கும் மெலித்தோனுக்கும் சண்டை. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. கோபத்தில் நூலை எண்ணாமல் இழுத்துவிட்டாள், தலை திரும்பிக்கொண்டது. பிரித்து நெய்யப் பிடிவாதம் விடவில்லை. "இதுதான் நீ," என்று இருபத்தொரு வருசம் அந்த வாத்தைத் தட்டித்தட்டிச் சிரித்தான் அவன். கடைசி மாதமெல்லாம் குளிர் தாங்காமல் இதைப் போட்டுக்கொண்டே படுத்திருந்தான். போட்டுக்கொண்டே கக்கினான்.

வெள்ளைக்காரியின் மார்பில், அதே இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துப்போன கறை. துவைக்கக்கூட இல்லை.

"ஒரு நிமிசம், சம்பந்தியம்மா," என்றான் காசிமிரோ. வியாபாரம் என்றால் அவனுக்கு எல்லாம் அப்புறம்தான். எட்டுவைத்துப் போய் வெள்ளைக்காரியின் எதிரே நின்றான். "ரொம்பப் பொருத்தம் சீமாட்டி! அந்தக் காலத்துப் பூசாரி போட்டது. முந்நூறு வருசம். இந்தக் கறை இருக்கு பாருங்க, இது பலிகொடுத்த லாமா ஆட்டோட ரத்தம். சூரியனுக்குக் கொடுத்த பலி. தொட்டுப் பாருங்க, அதிர்ஷ்டம்!"

வெள்ளைக்காரி கண்ணை மூடி, இரண்டு விரலை அந்தக் கறைமேல் பயபக்தியோடு வைத்தாள். கொழுப்பும் உப்பும் ஒட்டிய விரல்கள்.

சபினா குவளையை வாயிலிருந்து இறக்கினாள். இந்தக் கையையா கண்ணில் ஒற்றினேன்! இவனுக்கா ஆட்டுக்கறி போட்டேன்! புகைவாடை எங்கேயிருந்து வந்தது? ஆற்றங்கரையில் குளிர்காய்ந்திருப்பான். அந்த மனுசன் வாசலில் வந்து வந்து நிற்கிறானே, கையை மார்போடு கட்டிக்கொண்டு! பெண்ணைக் கட்டிக்கொடு என்றா சொன்னான்? குளிருகிறது என்றல்லவா சொன்னான்! மூன்று மாதமாக, போகிற வழியில் உடுத்தத் துணி இல்லாமல் நின்றிருக்கிறான். நான் மடச்சி, வேறென்னவோ நினைத்துக்கொண்டேன்.

"அது மெலித்தோனோடது," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை, சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். "டேய் காசிமிரோ! அது என் புருசன் பொஞ்சோடா!"

காசிமிரோ திரும்பினான். பொய் சொல்ல வாயைத் திறந்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பொய்யைத் தேடினான்.

"சத்தம் போடாதீங்க சம்பந்தியம்மா. ஒரே மாதிரி நூறு பொஞ்சோ இருக்கும்..."

"ஏழாவது வாத்தைப் பாருடா!"

நெய்தாவுக்கு எண்ணத் தேவையிருக்கவில்லை. குழந்தையில் அப்பாவின் மடியில் உட்கார்ந்து அந்த வாத்தின் மூக்கைக் கடித்து வளர்ந்தவள். அவள் வெள்ளைக்காரிக்கு எதிரே போய் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"சீமாட்டி, இது எங்கப்பாவுது," என்று ஸ்பானிய மொழியில் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "லாமா ரத்தம் இல்லை. எங்கப்பாவுக்கு நெஞ்சு நோய். இருமினது. செத்துட்டாரு."

வெள்ளைக்காரிக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. புரிந்ததும் "ஆ!" என்று அலறி, சோளக்கதிரைப் போட்டுவிட்டு, தலைவழியாகப் பொஞ்சோவைப் பிய்த்து இழுத்துத் தரையில் வீசினாள். பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து விரலில் ஊற்றித் தேய் தேய் என்று தேய்த்தாள். கழுத்தில் தேய்த்தாள். ஒரு நிமிசம் முன்னால் கண்ணை மூடிக் கும்பிட்ட ரத்தம்தான் அது. சபினா அதையும் பார்த்துக்கொண்டு நின்றாள். வெள்ளைக்காரிமேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவள் என்னத்தைக் கண்டாள்? கோபமெல்லாம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவன் மேல்தான்.

பொஞ்சோ மண்ணில், மிதிபட்ட கீரைத்தண்டுகளுக்கு நடுவில், வாய்பிளந்து கிடந்தது. சபினாவின் கால் தானாக ஒரு எட்டு வைத்தது. நின்றாள். அவள் தொடக்கூடாது. நெய்தாவும் தொடக்கூடாது. இத்தனை நாள் போகமுடியாமல் நின்றவனை இனியும் இழுத்துப்பிடிக்கக்கூடாது.

"பெர்சி," என்றாள்.

பையன் திடுக்கிட்டான்.

"என் வீட்டு மருமகனாகணும்னுதானே உட்கார்ந்திருக்கே? இதோ குவளை, என் கையிலதான் இருக்கு. மருமகன் செய்யற வேலையைச் செய். அதை எடு. தோமாசா அடுப்புல போடு. போட்டுட்டு வா, நான் ஒரே மூச்சுல குடிக்கிறேன்."

எல்லாரும் பெர்சியைப் பார்த்தார்கள். நெய்தா இரண்டு கையையும் முன்னால் கோத்திருந்தாள், முட்டி வெளுத்துப்போயிருந்தது. எடுத்துவிடு, எடுத்துவிடு என்று அவள் உடம்பு முழுக்கச் சொல்லியது.

பெர்சி பொஞ்சோவைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான்.

"எரிச்சிட்டோம்னு சொன்னீங்களே," என்று நெய்தா கேட்டாள். கெஞ்சுகிற குரல். "உங்களுக்குத் தெரியாதுதானே? மாமாதானே எடுத்து வச்சாரு? தெரியாதுன்னு சொல்லுங்க!"

பெர்சி காதுவரை சிவந்தான். "நல்ல கம்பளி நெய்தா... எரிக்க மனசு வரலை. நான்தான் சாக்குல போட்டேன். துவைக்கலாம்னுதான் பார்த்தேன், அப்பாதான் கறை இருக்கட்டும்னாரு." அவன் சபினாவின் பக்கம் திரும்பி, நல்ல பிள்ளையாக, சமாதானமாகச் சொன்னான். "துவைச்சாப் போயிடும் அத்தை. இப்பவே ஆத்துல அலசிக் கொண்டாந்துடறேன். எரிக்கவேணாம்."

"கறை போச்சுன்னா அதுல என்னடா இருக்கு?" என்று காசிமிரோ சீறினான்.

அப்பனும் மகனும் ஒருவரையொருவர் பார்த்து நின்றார்கள், கிழங்கு மூட்டையைப் பிரித்துக் கொட்டுவதா வேண்டாமா என்று பேசுகிற மாதிரி. சந்தையில் யாரோ காறித் துப்பினார்கள்.

நெய்தா நடந்து வந்தாள். அம்மாவின் கையிலிருந்து குவளையை வாங்கினாள். பெர்சியின் முகம் ஒரு கணம் தெளிந்தது. தன்னிடம்தான் கொண்டுவருகிறாள் என்று நினைத்தான் போலிருக்கிறது. அவள் அவன் எதிரே நின்று, கையை நீட்டி, குவளையைச் சாய்த்தாள். முதல் சொட்டு மண்ணாத்தாளுக்கு. இரண்டாவது சொட்டும் மண்ணாத்தாளுக்கு. அவள் நிறுத்தவில்லை. சிச்சா தாரையாக விழுந்து மண்ணில் நுரைத்தது, அவன் பாலிஷ் போட்ட பூட்ஸில் தெறித்தது. கடைசிச் சொட்டுவரை ஊற்றி, குவளையை உதறி, மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"உங்க கை என் மேல பட்டிருக்கே," என்றாள். "அதுதான் எனக்கு ஆறலை." அவள் உள்ளங்கையைப் பாவாடையில் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

சபினா மகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

பொஞ்சோ இன்னும் மண்ணில்தான் கிடந்தது. யாரும் நெருங்கவில்லை. செத்தவன் துணி, அதுவும் நோய்த்துணி. யாருக்கு வரும் தைரியம்?

"நகருங்கடி," என்று ஒரு குரல். தோமாசா இடுப்புத் துணியை இறுக்கிக்கொண்டு வந்தாள். "நான் என்ன மெலித்தோனுக்கு உறவா, முறையா? எனக்கென்ன வந்தது? என்னை எவன் வந்து சுத்தப்போறான்? வந்தாலும் அடுப்புல வேலைக்கு வச்சுக்குறேன்." சொல்லும்போதே குனிந்து பொஞ்சோவை அள்ளினாள். ஆனால் அள்ளியவிதம் விளையாட்டாக இல்லை. மண்ணைத் தட்டி, நாலாக மடித்து, வாத்து வரிசை மேலே தெரிகிற மாதிரி கையில் ஏந்தினாள்.

அடுப்பு வாய்க்குப் போனவள், உள்ளே இருந்த தட்டை நீளக் கம்பியால் இழுத்தாள். ஆறு கூய், பொன்னிறமாக, பல்லைக் காட்டிக்கொண்டு. தட்டோடு கொண்டுபோய்க் காசிமிரோவின் முன்னால் மேசையில் அடித்தாள். கொழுப்பு தெறித்து அவன் சட்டையெல்லாம் ஆனது.

"இந்தா, உன் விருந்து. நீயும் உன் மவனும் ஆளுக்கு மூணு தின்னுங்க."

"ஏய், அது சாப்பாட்டு அடுப்புடி! அதுல போட்டா அப்புறம் எவன் இங்க சாப்பிடுவான்?" என்று காசிமிரோ கத்தினான்.

"நீ வாயைத் திறக்காதே. சாணி போட்டு மெழுகி மறுபடி நெருப்பு வச்சுக்கிறேன். உன்னைத்தான் எதைப் போட்டு மெழுகறதுன்னு தெரியலை."

பொஞ்சோவை உள்ளே தள்ளினாள். ஒரு கை யூகலிப்டஸ் விறகையும் போட்டாள்.

"திரும்பிக்கோங்க ரெண்டுபேரும்," என்று தாயிடமும் மகளிடமும் சொன்னாள். அவர்கள் அடுப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்கள்.

கம்பளி எரிகிற நாற்றம் இருக்கிறதே, முடி பொசுங்குகிற நாற்றம்தான் அது. கெட்ட ரத்தமும் சேர்ந்து கருகினால் கேட்கவேண்டுமா? புகை கனமாக இறங்கி, தார்ப்பாய்களுக்கு அடியில் புகுந்து, சூப்புப் பானைகளின் மேலே போய் உட்கார்ந்தது. சந்தையே மூக்கைப் பொத்தியது. வெள்ளைக்காரர்கள் பஸ்ஸுக்கு ஓடினார்கள். ஸ்டூலில் இருந்த பெண் ஆட்டுக்குட்டியின் கட்டை அவிழ்த்துவிட்டு இருமிக்கொண்டே எழுந்துபோனாள். காசிமிரோ கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, கடையை மூடச்சொல்லி மகனைத் திட்டினான். பெர்சி துணிகளை அள்ளி மடித்துக்கொண்டிருந்தான், ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சபினா மட்டும் மூக்கைப் பொத்தவில்லை. அடுப்புக்கு முதுகைக் காட்டியபடியே நெஞ்சு நிறைய இழுத்தாள். காலையிலிருந்து அவள் குடலைப் புரட்டிய வாடைகளில் இது சேரவில்லை. மகள் அவள் தோளில் முகத்தை வைத்துத் தேம்பிக்கொண்டிருந்தாள். மகளின் முதுகைத் தடவினாள், ஆனால் பேசியது மகளிடம் இல்லை.

"போட்டுக்கிட்டுப் போய்யா," என்றாள். "இனிமே குளிராது."